சின்ன ஏர்போர்ட் வெதர் பத்தி கேளுங்க, டர்போப்ராப் ஓட்டுற பைலட் பதில் சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். ஒரே ஒரு ரன்வே, சின்னதா ஒரு டவர், அந்த மாதிரி ஏர்போர்ட்டுங்களுக்கு தான் நான் அதிகமா பறக்குறேன். அதுக்கு முன்னாடி ஃப்ளையிங் ஸ்கூல்ல இன்ஸ்ட்ரக்டர். காத்து, மூடுபனி, இடிமழை, ஃப்ளைட் ஏன் திரும்பி போகுது, இதுல என்ன வேணா கேளுங்க. லைசன்ஸ் எடுக்க எவ்ளோ செலவு, சம்பளம் எவ்ளோ, அந்த கேள்விங்க இன்னைக்கு வேணாம்.

கேள்வி: அக்கா, நான் ஸ்டூடண்ட் பைலட். மெட்டார் (ஏர்போர்ட் வெதர் ரிப்போர்ட்) டீகோட் பண்ண தெரியும். ஆனா முழுசா படிச்சு முடிச்சப்புறமும் இன்னைக்கு பறக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ண வரல. நீங்க எதை முதல்ல பாப்பீங்க?

பதில்: முதல்ல டைம் பாப்பேன் தம்பி. சிரிக்காத, நெறைய பேர் அத தாண்டி நேரா காத்துக்கு போயிடுவாங்க. மெட்டார் சில இடத்துல அரை மணிக்கு ஒண்ணு, சில இடத்துல ஒரு மணிக்கு ஒண்ணு வரும், நீ பாக்குறது 50 நிமிஷம் பழசுன்னா அது நடந்து முடிஞ்ச கதை. நடுவுல ஏதாவது பெருசா மாறுனா ஸ்பெஸின்னு தனியா ஒரு ரிப்போர்ட் வரும், அது வந்திருக்கான்னு பாரு.

அப்புறம் ஒரே ஒரு மெட்டார் பாக்காத, கடைசி நாலஞ்ச வரிசையா வச்சு பாரு. டெம்பரேச்சரும் ட்யூ பாயிண்டும் (காத்துல இருக்குற ஈரம் பனியா மாற ஆரம்பிக்கிற டெம்பரேச்சர்) 6 டிகிரி வித்தியாசத்துல இருந்து 4, 3, 2ன்னு ஒட்டிக்கிட்டே வருதா? விசிபிலிட்டி 9999ன்னே இருந்தாலும் எனக்கு அந்த ஏர்போர்ட் மேல சந்தேகம் வந்துடும். 9999ன்னா 10 கிலோமீட்டர் இல்ல அதுக்கு மேலன்னு அர்த்தம், அவ்ளோதான், 12ஆ 40ஆன்னு அது சொல்லாது. அதனால 40ல இருந்து 12க்கு இறங்குனது உனக்கு ரிப்போர்ட்ல தெரியவே தெரியாது, திடீர்னு 6000 மீட்டர்னு வந்து நிக்கும்.

மேகத்துக்கு, வானத்த எட்டு பங்கா பிரிச்சு தான் கணக்கு. ஒண்ணு ரெண்டு பங்கு இருந்தா ஃப்யூ, மூணு நாலுன்னா ஸ்கேட்டர்டு, அஞ்சுல இருந்து ஏழு ப்ரோக்கன், எட்டும் மூடிட்டா ஓவர்காஸ்ட். ப்ரோக்கன் இல்ல ஓவர்காஸ்ட்ல எது கீழ இருக்கோ அது தான் உன்னோட சீலிங். அதுல வர்ற உயரம் ஏர்போர்ட் தரைல இருந்து, கடல் மட்டத்துல இருந்து இல்ல. ஏர்போர்ட்டே 2000 அடி உயரத்துல இருந்து மேகம் 1500ன்னு ரிப்போர்ட் வந்தா உன் ஆல்டிமீட்டர் (உயரம் காட்டுற மீட்டர்) 3500 காட்டும்போது தான் மேகத்துல முட்டுவ.

இன்னொண்ணு, கேவோக்கேன்னு பாத்த உடனே ஸ்டூடண்ட்ஸ் சந்தோஷமாயிடுவாங்க. விசிபிலிட்டி 10 கிலோமீட்டருக்கு மேல, 5000 அடிக்கு கீழ மேகம் இல்ல, இடிமேகம் இல்ல, மழை கிழை இல்ல, இவ்ளோ தான் அது சொல்லுது. காத்து பத்தி ஒரு வார்த்தை கெடையாது. கேவோக்கே போட்டுட்டு 30 நாட்ஸ் (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்) குறுக்க அடிக்கிற நாள் இருக்கு.

கேள்வி: மெட்டார்ல வர்ற காத்து டைரக்ஷனும் டவர் சொல்றதும் சில சமயம் 10 டிகிரி மாறுதே, யார் தப்பு?

பதில்: ரெண்டு பேரும் சரி. எழுத்துல வர்றது எல்லாம் ட்ரூ நார்த் வச்சு, டவர் வாயால சொல்றது மேக்னெடிக் வச்சு. ரன்வே நம்பரும் மேக்னெடிக் தான், அதனால லேண்டிங்ல டவர் சொல்றத அப்டியே ரன்வேயோட ஒப்பிட்டுக்கலாம். காந்த விலக்கம் கம்மியா இருக்குற இடத்துல இந்த வித்தியாசம் தெரியாது, அதிகமா இருக்குற இடத்துல 15, 20 டிகிரி கூட வரும், கிராஸ்விண்ட் (ரன்வேக்கு குறுக்க அடிக்கிற காத்து) கணக்கே மாறிடும்.

கேள்வி: மேம், கிராஸ்விண்ட் மனசுலயே எப்டி கணக்கு போடுறது? எங்க ப்ளேன் புக்ல 15 நாட்ஸ்னு இருக்கு, அதுக்கு மேல போனா சட்டப்படி தப்பா?

பதில்: கடிகாரத்த நெனச்சுக்கோங்க. ரன்வேக்கும் காத்துக்கும் நடுவுல எத்தன டிகிரி இருக்கோ அத்தன நிமிஷம்னு வச்சுக்கோங்க. 15 நிமிஷம்னா கால் மணி, காத்துல கால் பங்கு. 30ன்னா பாதி, 45ன்னா முக்கால், 60க்கு மேல போனா மொத்தமும் கிராஸ்விண்ட் தான்னு எடுத்துக்கலாம். உதாரணம், ரன்வே 09 (அதாவது 90 டிகிரி), காத்து 130ல இருந்து 20 நாட்ஸ். வித்தியாசம் 40, அதாவது மூணுல ரெண்டு பங்கு, 13 நாட்ஸ் குறுக்க வருது. ஒழுங்கா சைன் போட்டு பாத்தாலும் 13 தான் வரும்.

இப்ப அதே காத்து கஸ்ட் (அப்பப்ப தூக்கி அடிக்கிற வேகம்) 30ன்னா? கணக்கு 30க்கு போடணும், 20க்கு இல்ல. 19, 20 நாட்ஸ் வந்துடுச்சு பாருங்க. இதுல இன்னொரு பொறி இருக்கு. ஐசிஏஓ (சர்வதேச சிவில் ஏவியேஷன் அமைப்பு) விதிப்படி சராசரிய விட 10 நாட்ஸ் இல்ல அதுக்கு மேல தாண்டுனா தான் கஸ்ட்ன்னு ரிப்போர்ட்ல எழுதுவாங்க. சராசரி 14 இருந்து அப்பப்ப 22 தொட்டா மெட்டார்ல வெறும் 14ன்னு அமைதியா இருக்கும். அதனால ரிப்போர்ட்ல கஸ்ட் இல்லைன்றதுக்காக காத்து சீரா அடிக்குதுன்னு எடுத்துக்காதீங்க, ஃபைனல்ல (ரன்வேக்கு நேரா இறங்கி வர்ற கடைசி கட்டம்) வரும்போது ஒரு கண்ணு விண்ட்சாக் (காத்து தெசை காட்டுற துணிப்பை) மேல இருக்கட்டும்.

அந்த 15 நாட்ஸ் விஷயம். செஸ்னா 172எஸ் மாதிரி ப்ளேன்ல அது டெமான்ஸ்ட்ரேட்டட் கிராஸ்விண்ட், டெஸ்ட் பைலட் அந்த அளவுக்கு இறக்கி காட்டிருக்காங்க, அது லிமிட்டேஷன்னு எழுதலன்னா சட்டப்படி தடை இல்ல. ஆனா டெஸ்ட் பைலட் இறக்குனாரு, நீங்க டெஸ்ட் பைலட் இல்லயே. ஸ்கூல்ல சோலோக்கு 8, 10ன்னு வச்சிருப்பாங்க, ஏர்லைன்ல கம்பெனி போட்ட நம்பர் தான் சட்டம், அதுக்கு மேல பேச்சே இல்ல. என்னோட அபிப்ராயம், நீங்க கடைசியா எப்போ கிராஸ்விண்ட் லேண்டிங் பண்ணீங்கன்றது புக்ல இருக்குற நம்பர விட முக்கியம்.

கேள்வி: சார் ஒரு சந்தேகம். நான் பைலட் இல்ல, அடிக்கடி பறக்குற பயணி. பெரிய ஏர்போர்ட்ல அதே மூடுபனில வரிசையா ஃப்ளைட் இறங்குது, கொஞ்ச தூரத்துல இருக்குற சின்ன ஏர்போர்ட்டுக்கு மட்டும் கேன்சல்னு சொல்றாங்க. பைலட்டுக்கு தைரியம் இல்லையா, இல்ல ஆள் சேரலன்னு பொய் சொல்றாங்களா?

பதில்: சார் இல்ல மேடம், பரவால்ல :) தைரியத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க.

மூடுபனில இறங்குறதுக்கு தரைல இருக்குற சாமான் தான் முக்கியம். ஐஎல்எஸ்னு ஒரு ரேடியோ பீம் சிஸ்டம், ரன்வே வரைக்கும் நம்மள கூட்டிட்டு வரும். அதுல கேட்டகிரி ஒண்ணுன்னா 200 அடி வரைக்கும் இறங்கி பாக்கலாம், ரன்வேல 550 மீட்டராவது கண்ணுக்கு தெரியணும். கேட்டகிரி ரெண்டுன்னா 100 அடி, 300 மீட்டர். மூணுன்னா அதுக்கும் கீழ, ப்ளேனே தானா இறங்கும். ஆனா ஒவ்வொரு படி மேல போகும்போதும் ரன்வே லைட்டுங்க அதிகம் வேணும், கரண்ட் போனா நொடில மாறுற பேக்கப் வேணும், ரன்வே பக்கத்துல விசிபிலிட்டி அளக்குற கருவி ரெண்டு மூணு எடத்துல வேணும், பீம் பக்கத்துல வண்டி எதுவும் நிக்க கூடாது, அதுக்கு மேல ப்ளேனுக்கும் பைலட்டுக்கும் தனி அப்ரூவல் வேணும். பெரிய ஏர்போர்ட்ல இதெல்லாம் இருக்கு.

சின்ன ஏர்போர்ட்ல பல இடத்துல ஐஎல்எஸ்ஸே கெடையாது. பழைய டைப் அப்ரோச் (ரன்வேய நோக்கி இறங்குற முறை) இருக்கும், அதுல 400, 500 அடி, பக்கத்துல மலை இருந்தா அதுக்கும் மேல நின்னுடணும், ரன்வே தெரிஞ்சா தான் கீழ. இப்ப சேட்டிலைட் வச்சு வர்ற அப்ரோச்சுங்க நெலமைய மாத்திட்டு இருக்கு, தரைல கருவி வைக்காமலே சில இடத்துல 250, 200 அடி வரைக்கும் விடுறாங்க, ஆனா அதுக்கான சிக்னல் கவரேஜ் இருக்கணும், ப்ளேன்ல அந்த பொட்டி இருக்கணும்.

அப்புறம் அப்ரோச் பேன், அதாவது தடைன்னு ஒரு ரூல். 1000 அடிக்கு இறங்குறதுக்கு முன்னாடியே விசிபிலிட்டி மினிமம்க்கு கீழ போயிடுச்சுன்னு சொல்லிட்டா நாங்க அப்ரோச்ச தொடரவே கூடாது, "போய் பாத்துட்டு வரேன்"ன்னு சொல்ல முடியாது. அதனால அங்க கேன்சல் பண்ணது பொய் இல்ல, ஒருவேளை பெரிய ஏர்போர்ட்ல இறங்குன அதே பைலட்டா கூட இருக்கலாம்.

கேள்வி: சூரியன் வந்தா மூடுபனி கலையணும் தானே? ஆனா விடியுறதுக்கு முன்னாடி 2000 மீட்டர் இருந்தது, விடிஞ்சப்புறம் 300 ஆகிடுது. இது என்ன லாஜிக்?

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்க. ராத்திரி வானம் தெளிவா இருந்தா தரை சூட்ட விட்டுட்டு குளிர்ந்துடும், அத ஒட்டி இருக்குற காத்தும் குளிரும், ஈரம் இருந்தா பனியாகும். காத்து சுத்தமா அசையலன்னா புல்லு மேல வெறும் பனித்துளியாவோ இல்ல முழங்கால் உயரத்துக்கு மெல்லிசாவோ தான் இருக்கும். லேசா 3, 4 நாட்ஸ் அடிச்சா தான் அது கலந்து ஆழமாகும். விடிஞ்ச உடனே நடக்குறதும் அதே கலக்கல் தான், முதல் வெயில் தரைய கொஞ்சமா சூடாக்கி காத்த கிளறி விடும், புல்லுல இருந்த பனித்துளியும் ஆவியாகி அதுல சேரும், ஆனா கலைக்குற அளவுக்கு சூடு இன்னும் வரல. அதனால சூரியன் வந்த முதல் ஒரு மணி நேரம் தான் பல இடத்துல ரொம்ப மோசம். மேல ஒரு மேகப்படலம் வந்து வெயில மறைச்சுட்டா அது எப்போ கலையும்னு யாராலயும் சொல்ல முடியாது.

புது பைலட்டுங்களுக்கு ஒண்ணு சொல்லணும், மெல்லிசான பனி தான் ஏமாத்தும். மேல இருந்து செங்குத்தா பாக்கும்போது ரன்வே பளிச்சுன்னு தெரியும், மார்க்கிங் கூட தெரியும். சரிவா ஃபைனல்ல வந்து 30 அடிக்கு இறங்குனப்புறம் அந்த மெல்லிசு வழியா நீளவாக்குல பாக்குறீங்க, எல்லாம் வெள்ளை. ஃப்ளேர் பண்ற (தரை தொடுறதுக்கு முன்னாடி மூக்க தூக்குற) நேரத்துல ரன்வே காணாம போனா யோசிக்காம கோ-அரவுண்ட், அதாவது இறங்காம திரும்ப மேல ஏறிடணும்.

கேள்வி: அம்மாவா கேக்குறேன், என் பையன் ஃப்ளையிங் ட்ரெய்னிங்ல இருக்கான். காலைல அஞ்சு மணிக்கே எழுப்பி பறக்க விடுறாங்க, மத்தியானம் சும்மா உக்கார வைக்குறாங்க. நல்ல வெயில், மேகம் கூட இல்ல, அப்ப பறந்தா என்னவாம்?

பதில்: அம்மா, வெயில் தான் பிரச்சனையே. மத்தியானத்துல தரை ஒரே மாதிரி சூடாகாது. ரன்வே தார், வயல், ஏரி, கட்டிடம் எல்லாம் வேற வேற அளவுக்கு சூடாகும். சூடான இடத்துக்கு மேல காத்து கெளம்பி மேல போகும், குளுந்த இடத்துல கீழ வரும். சின்ன ப்ளேன் இது ரெண்டுக்கும் நடுவுல தூக்கி தூக்கி போடும். ஃபைனல்ல வரும்போது ஏரிய தாண்டுனா கீழ இழுக்கும், ரன்வே பக்கம் வந்தா மெதக்க விட்டுடும். அனுபவம் உள்ளவங்களுக்கு அது தொல்லை தான், கத்துக்குற பையனுக்கு அவன் பண்ணது தப்பா காத்து பண்ணதான்னு புரியாமயே போயிடும். பாடம் நிக்காது. காலைல காத்து அடங்கி இருக்கும்போது கை பழகட்டும், அப்புறம் மெல்ல மெல்ல மத்தியானமும் விடுவாங்க. அஞ்சு மணிக்கு எழுப்புறது கஷ்டம் தான், பைலட் ஆனப்புறமும் அப்டித்தாங்க.

கேள்வி: அது கூட டென்சிட்டி ஆல்டிட்யூட்னு ஒண்ணு சொல்வாங்களே அக்கா, ஃபார்முலா மனப்பாடம், எதுக்குன்னு புரியல.

பதில்: வா ஒரு கணக்கு போட்டுடலாம். ஏர்போர்ட் உயரம் 2000 அடி, க்யூஎன்எச் (கடல் மட்டத்துக்கு கணக்கு போட்ட காத்தழுத்தம், ஆல்டிமீட்டர்ல வைக்கிறது) 1003, வெளிய 36 டிகிரி. ஸ்டாண்டர்ட் பிரஷர் 1013, பத்து குறைவு, ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு சுமார் 30 அடின்னு வச்சா பிரஷர் ஆல்டிட்யூட் 2300. அந்த உயரத்துல ஸ்டாண்டர்ட் டெம்பரேச்சர் என்ன? 15ல இருந்து ஆயிரம் அடிக்கு 2 டிகிரி கழிச்சா 10.4. நமக்கு 36, அதாவது கிட்டத்தட்ட 26 டிகிரி அதிகம். டிகிரிக்கு 120 அடி போட்டா 3100 கிட்ட வருது. மொத்தம் 5400 அடி, இது தான் டென்சிட்டி ஆல்டிட்யூட்.

நீ நிக்கிறது 2000 அடி ரன்வேல, ஆனா இன்ஜினும் இறக்கையும் ப்ரொப்பெல்லரும் 5400 அடில இருக்குறதா நெனச்சுக்குது. டர்போ இல்லாத பிஸ்டன் இன்ஜின் ஆயிரம் அடிக்கு தோராயமா 3 சதவீதம் பவர் இழக்கும், ஆக 16 சதவீதம் கிட்ட போச்சு. ஸ்பீடு மீட்டர்ல அதே 55ல தான் மூக்க தூக்குவ, ஆனா தரைல நெஜமா அத விட வேகமா ஓடிட்டு இருப்ப, அதனால ரன்வே நெறைய தின்னும். கெளம்பினப்புறம் ஏறவும் ஏறாது. அதே ஏர்போர்ட் காலைல 20 டிகிரில 3450 தான். உங்க ஸ்கூல்ல மத்தியானம் ரெண்டு பேரும் ஃபுல் டாங்கும் வேணாம்னு சொல்றது இதனால தான். ஈரப்பதம் அதிகமா இருந்தா இன்னும் கொஞ்சம் கெடும், நீராவி காத்த விட எடை கம்மி, காத்து கனமாகுதுன்னு நெனச்சா அது உல்டா.

கேள்வி: ஏர்போர்ட்டுக்கு 15 கிலோமீட்டர் தள்ளி இடிமேகம் நிக்குது. ரன்வே மேல வெயில், மழை இல்ல. ஏன் டேக்-ஆஃப் பண்ணாம வெயிட் பண்றாங்க? டிஸ்பாட்ச்ல வேலை செய்றேன், பயணிகள் என்ன தான் திட்றாங்க.

பதில்: உங்க வேலை கஷ்டம் தான். பயணிங்ககிட்ட சொல்ல ஒரு பதில் தரேன்.

முத்துன இடிமேகத்துல இருந்து மழையோட குளுந்த காத்து கீழ கொட்டும். தரைல முட்டுனதும் நாலா பக்கமும் சிதறி ஓடும். அந்த காத்தோட முன்வரிசை, கஸ்ட் ஃப்ரண்ட்னு சொல்வோம், மேகத்த விட்டு 15, 20 கிலோமீட்டர் முன்னாடியே வந்து நிக்கும். வெயில் அடிக்கிற ரன்வேல திடீர்னு காத்து தெசை மாறி 35 நாட்ஸ் ஆகுறது அதனால தான். மேல பறக்கும்போது பெரிய இடிமேகத்துக்கு 20 நாட்டிகல் மைல் தள்ளி போன்னு அமெரிக்க எஃப்ஏஏ சொல்லுது, 15 கிலோமீட்டர் அதுல பாதி கூட இல்ல.

அதுல ரொம்ப மோசமானது மைக்ரோபர்ஸ்ட். 4 கிலோமீட்டருக்கு உள்ள அடங்குற சின்ன வட்டம், உச்சத்துல நிமிஷத்துக்கு 6000 அடி வேகத்துல காத்து கீழ விழலாம், மொத்தமா கால் மணி நேரம் கூட தாங்காது. ப்ளேன் அதுக்குள்ள போனா முதல்ல ஹெட்விண்ட் (எதிர்க்காத்து) கூடும், ஸ்பீடு ஏறும், "நல்லாருக்கே"ன்னு பைலட் பவர குறைப்பாரு. அடுத்து கீழ அமுக்கும். அதுக்கும் அடுத்து ஹெட்விண்ட் டெயில்விண்டா (பின்னால இருந்து தள்ளுற காத்தா) மாறும், ஸ்பீடு சட்டுனு விழும், அந்த நேரத்துல பவரும் குறைவா இருக்கும், தரையும் பக்கத்துல. 1975ல நியூயார்க்ல ஈஸ்டர்ன் 66 ஃப்ளைட் விழுந்தப்ப டெட் ஃபுஜிடான்ற வானிலை விஞ்ஞானி தான் இப்டி ஒரு கீழ்நோக்கிய காத்து இருக்குன்னு அடிச்சு சொன்னாரு, பலர் நம்பல. 1985 ஆகஸ்ட்ல டல்லாஸ்ல டெல்டா 191, பெரிய ட்ரைஸ்டார் ஜெட், அதே மாதிரி போச்சு. அதுக்கப்புறம் தான் ப்ளேன்ல விண்ட்ஷியர் (காத்து திடீர்னு மாறுறது) எச்சரிக்கை கருவி கட்டாயம்னு ரூல் வந்தது.

பெரிய ஏர்போர்ட்ல இதுக்குன்னு டாப்ளர் ரேடார், சுத்தி பல இடத்துல காத்து அளக்குற கம்பம் எல்லாம் இருக்கும். சின்ன ஏர்போர்ட்ல ஒரு அனிமோமீட்டர், அதுவும் ரன்வேயோட ஒரு முனைல. மறு முனைல என்ன நடக்குதுன்னு அதுக்கு தெரியாது. அதனால நாங்க கண்ணால தான் பாக்கணும், தரைல வட்டமா புழுதி கெளம்புதா, மேகத்துக்கு கீழ மழை தொங்குது ஆனா தரைக்கு வந்து சேரலயா, அது வறண்ட இடத்துல ரொம்ப கெட்ட அடையாளம். இருபது முப்பது நிமிஷம் நின்னா இடிமேகம் நகர்ந்துடும் இல்ல செத்துடும். இத விட மலிவான இன்ஷூரன்ஸ் ஏவியேஷன்ல கெடையாது.

கேள்வி: நான் சிமுலேட்டர் பிளேயர், ரியல் வெதர் போட்டு ஓட்டுவேன். விடிகாலைல தரைல காத்து ஜீரோ, ஆனா 1500 அடில 30 நாட்ஸ் காட்டுது. இது பக் தானே?

பதில்: பக் இல்ல, ரொம்ப சரியா பண்ணிருக்காங்க. ராத்திரி தரை குளிர்ந்து, கீழ குளுந்த காத்தும் மேல சூடான காத்துமா படுத்துடும், இன்வெர்ஷன். ரெண்டும் கலக்காது. தரையோட உராய்வு மேல இருக்குற காத்துக்கு எட்டாததால அது சறுக்கிட்டு வேகமா ஓடும். நீங்க ஹெட்விண்ட்ல இறங்கிட்டே வந்து 500 அடில திடீர்னு அது காணாம போனா ஸ்பீடு 10, 15 நாட்ஸ் விழும். டெயில்விண்டா இருந்தா உயரமாவும் வேகமாவும் வந்து நிப்பீங்க. "அமைதியான காலை"ன்னு மெட்டார்ல பாத்து ஏமாறுற இடம் இது. சிமுலேட்டர்ல பழகிக்கோங்க, ஃப்ரீ தானே.

கேள்வி: மழைல தடால்னு இறக்குறாங்களே, முதுகே போச்சு. புது பைலட்டா?

பதில்: பழைய பைலட்டா இருக்க வாய்ப்பு அதிகம். ரன்வேல தண்ணி தேங்கி நின்னா டயர் அத கிழிச்சுட்டு தரைய தொடணும், பூ மாதிரி வச்சா தண்ணி மேலயே வழுக்கிட்டு போகும், ஹைட்ரோப்ளேனிங். 1960-கள்ல நாசா ஆராய்ச்சில வந்த ஒரு கணக்கு இன்னும் எல்லா பைலட்டும் படிக்கிறோம், டயர் பிரஷர் பிஎஸ்ஐல எடுத்து அதோட வர்க்கமூலத்த 9 ஆல பெருக்கணும். 100 பிஎஸ்ஐன்னா 90 நாட்ஸ், 36ன்னா 54. அந்த ஸ்பீடுக்கு மேல தேங்குன தண்ணில ப்ரேக்கும் இல்ல ஸ்டீரிங்கும் இல்ல. அதனால உறுதியா வைக்கணும்.

இது கூட டெயில்விண்ட் சேந்தா இன்னும் மோசம். தரை தொடுற வேகம் 10 சதவீதம் கூடுனா ஓடுற தூரம் 21 சதவீதம் கூடும். சின்ன ஏர்போர்ட்ல ரன்வே குட்டை, அங்க இது வெறும் எண் இல்ல. 2021 நவம்பர்ல இருந்து உலகம் பூரா ஒரே மாதிரி ரன்வே கண்டிஷன் கோடு வந்துடுச்சு, காஞ்ச ரன்வே 6, ஈரம் 5, ப்ரேக்கே பிடிக்காதுன்னா 0, ரன்வேய மூணா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். முன்னாடி "ப்ரேக்கிங் சுமார்"னு சொல்லிட்டு போயிடுவாங்க, இப்ப எவ்ளவோ தேவல.

கேள்வி: அக்கா 28 டிகிரில கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்கு சூடான காத்து விடுறது) போட சொல்றாரு இன்ஸ்ட்ரக்டர். ஐஸ் எங்கருந்து வரும்? கேட்டா மொறைக்கிறாரு.

பதில்: மொறைச்சாலும் அவர் சொல்றது சரி. காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்புரேட்டர்ல காத்து குறுகலான இடத்துல வேகமா போகுது, பெட்ரோலும் ஆவியாகுது, ரெண்டும் சேர்ந்து உள்ள 20, 30 டிகிரி குறைஞ்சுடும். ஈரப்பதம் இருந்தா வெளிய 28 இருந்தாலும் உள்ள உறையும். மைனஸ் 7ல இருந்து 21 வரைக்கும், ஈரம் 80 சதவீதத்துக்கு மேல, இது தான் ரொம்ப ஆபத்தான வட்டம், ஆனா 38 டிகிரி வரைக்கும் சாத்தியம்னு எஃப்ஏஏ எழுதி வச்சிருக்கு. பவர் குறைச்சு இறங்கும்போது தான் அதிகம் பிடிக்கும். ஆர்பிஎம் மெல்ல இறங்குறது தான் முதல் அறிகுறி. ஹீட் போட்ட உடனே இன்ஜின் இன்னும் மோசமா தடதடக்கும், ஐஸ் உருகி தண்ணி உள்ள போகுது, பயந்துட்டு ஹீட்ட ஆஃப் பண்ணிடாத. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் இன்ஜின்ல கார்புரேட்டரே இல்ல, அதுல இந்த கத கெடையாது.

கேள்வி: இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளிய தெரியாதப்ப கருவிய மட்டும் பாத்து ஓட்டுற அனுமதி) இல்ல, பிரைவேட் லைசன்ஸ் தான். சீலிங் 1200 அடி, தூரம் 40 மைல், தெரிஞ்ச ரூட். கீழயே ஓட்டிட்டு போயிடலாம் தானே?

பதில்: வேணாம். வெளிப்படையா சொல்றேன், இந்த பக்கத்துலயே எனக்கு பிடிக்காத கேள்வி இது தான்.

1200 அடின்றது நீங்க கெளம்புற ஏர்போர்ட்ல எடுத்தது. நடுவுல தரை 500 அடி மேடா இருந்தா உங்களுக்கு மிச்சம் 700. மேகத்துக்கு கொஞ்சம் கீழ போனா 500. அதுல செல்ஃபோன் டவர், ஹை டென்ஷன் லைன். விசிபிலிட்டி கொஞ்சம் குறைஞ்சா திரும்பணும், திரும்ப எடம் வேணும், திரும்பும்போது மேகத்துல ஒரு விநாடி நுழைஞ்சா கண்ணுக்கு தொடுவானம் இல்ல. உள்காது பொய் சொல்லும், நேரா போறதா நெனச்சுட்டே சுத்திக்கிட்டு கீழ இறங்குவீங்க. 1954ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல இன்ஸ்ட்ருமென்ட் அனுபவம் இல்லாத 20 பேர வச்சு சோதிச்சாங்க. இருபது பேரும் கன்ட்ரோல இழந்தாங்க. சராசரி 178 விநாடி. மூணு நிமிஷம் கூட இல்ல.

"தெரிஞ்ச ரூட்"னு சொன்னீங்க பாருங்க, அது தான் எனக்கு பயம். தெரியாத ரூட்னா நீங்களே போயிருக்க மாட்டீங்க.

கேள்வி: க்யூஎன்எச் தப்பா வச்சா எவ்ளோ வித்தியாசம் வரும்?

பதில்: ஒண்ணு தப்புனா 27ல இருந்து 30 அடி. 1003க்கு பதில் 1013 வச்சா ஆல்டிமீட்டர் கிட்டத்தட்ட 300 அடி அதிகமா காட்டும், அதாவது நெஜத்துல நீங்க அவ்ளோ கீழ. மேகத்துக்குள்ள அப்ரோச்ல தரைல மோதுறதுக்கு அது போதும். டவர் சொன்னத திருப்பி சொல்றது சடங்குக்கு இல்ல.

கேள்வி: வணக்கம் மேடம், நான் ஏர்போர்ட் மெட் ஆஃபீஸ்ல அப்சர்வர். ஆட்டோமேட்டிக் ஸ்டேஷன் வந்ததுல இருந்து எங்கள யாரும் மதிக்கிறது இல்ல. பைலட்டுங்களுக்கு உண்மையிலேயே மனுஷன் எடுக்குற அப்சர்வேஷன் தேவையா?

பதில்: தேவைங்க. நான் இத மரியாதைக்கு சொல்லல.

மேகம் அளக்குற சீலோமீட்டர் நேரா மேல மட்டும் பாக்கும். அதுக்கு மேல வர்ற மேகத்த அரை மணி நேரம் சேத்து வச்சு தான் வானம் எவ்ளோ மூடிருக்குன்னு கணக்கு போடும். தாழ்வான மேகம் ரன்வே 27 பக்கம் வந்து உக்காந்திருக்கு, கருவி மறு முனைல 09 பக்கம் இருக்குன்னா அதுக்கு வானம் சுத்தம். விசிபிலிட்டி கருவி அதோட ரெண்டு கைக்கு நடுவுல இருக்குற கொஞ்ச காத்த மட்டும் அளந்துட்டு மொத்த ஏர்போர்ட்டுக்கும் நம்பர் சொல்லும். ரிப்போர்ட்ல ஆட்டோன்னு இருந்தா அத மனசுல வச்சு தான் படிப்பேன். மேகம் எதுவும் கண்டுபிடிக்கலன்னு கருவி சொல்றதும் மேகம் இல்லைன்னு மனுஷன் சொல்றதும் ஒண்ணு இல்ல.

கருவிக்கும் நல்லது உண்டு, ராத்திரி மூணு மணிக்கு தூங்காது, ஒவ்வொரு நிமிஷமும் காத்து தரும். ஆனா மேற்கு பக்கம் திரும்பி பாத்து "அங்க கறுத்துட்டு வருது, ஆத்துப்பக்கம் பனி எறங்குது"ன்னு சொல்ல அதுக்கு வராது. பல ஏர்போர்ட்ல கெளம்புறதுக்கு முன்னாடி நான் ஃபோன் போட்டு கேக்குறது உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட தான். ரிமார்க்ஸ்ல ரெண்டு வார்த்தை அதிகமா எழுதுங்க, படிக்கிறோம்.

கேள்வி: டாஃப்ல (ஏர்போர்ட்டுக்கான வெதர் ஃபோர்காஸ்ட்) டெம்போ, ப்ராப்30ன்னு வருதே, அத வச்சு ஃப்யூயல் எப்டி முடிவு பண்ணுவீங்க? நிறைய பேர் டெம்போவ கண்டுக்காம விடுறாங்க.

பதில்: டெம்போன்னா தற்காலிகமா வந்து போற மாற்றம், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்கு கம்மி, மொத்தமா சேத்தாலும் அந்த டைம்ல பாதிக்கு கம்மி. நான் அத அப்டியே திருப்பி போட்டு படிப்பேன், நான் போய் சேர்ற நேரத்துல அது நடந்தா ஒரு மணி நேரம் வானத்துல சுத்த எண்ணெய் இருக்கா? இருந்தா போறேன். இல்லைன்னா ஆல்டர்னேட் (அங்க இறங்க முடியலன்னா போற வேற ஏர்போர்ட்) நல்லா இருக்கணும். ப்ராப்30ன்னா பத்துக்கு மூணு வாய்ப்பு, 30க்கு கீழ இருந்தா எழுதவே மாட்டாங்க, ஆக எழுதிருக்குன்னாலே ஃபோர்காஸ்டர் யோசிச்சு தான் எழுதிருக்காரு.

டெஸ்டினேஷனுக்கு போய், மிஸ் ஆகி, ஆல்டர்னேட்டுக்கு போய், அதுக்கு மேல டர்பைன் இன்ஜின்னா 30 நிமிஷம், பிஸ்டன்னா 45 நிமிஷம் தொடக்கூடாத ரிசர்வ், இது ஐசிஏஓ வச்ச அடிப்படை. சின்ன ஏர்போர்ட்ல நான் கூட பாக்குறது, ஆல்டர்னேட்டும் அதே ஆத்துச்சமவெளிலயோ அதே கடற்கரைலயோ இருக்கான்னு. இங்க பனி மூடுனா அங்கயும் மூடும், பேப்பர்ல ஆல்டர்னேட் இருக்கும், நெஜத்துல இருக்காது. கொஞ்சம் தூரமா இருந்தாலும் வேற மாதிரி நிலத்துல இருக்குறத எடுப்பேன், எண்ணெய் அதிகம் தூக்கணும், ஆள கொறைக்க சொன்னா கமர்ஷியல்ல மொறைப்பாங்க, மொறைக்கட்டும்.

மூணு நாலு பேர் ஐஸ் பத்தி கேட்டிருக்கீங்க, அது தனியா ஒரு நாள் வேணும். இப்போதைக்கு ஒண்ணு, ராத்திரி வெளிய நின்ன ப்ளேன் இறக்கை மேல உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு உறைபனி இருந்தா அது மெல்லிசு தானேன்னு விடாதீங்க, லிஃப்ட் (ப்ளேன தூக்குற விசை) 30 சதவீதம் வரைக்கும் போகும், ட்ராக் (காத்து பின்னால இழுக்குற விசை) 40 வரைக்கும் கூடும். முழுசா எடுத்துட்டு தான் ஸ்டார்ட் பண்ணணும், பாலிஷ் பண்ணி வழவழன்னு ஆக்கிட்டேன்னு சொல்றதெல்லாம் ஒத்துக்க முடியாது. நாளைக்கு எனக்கு காலை ஃப்ளைட், மீதி கேள்விங்கள எழுதி வைங்க.